ஜாவா கிராமத்தில் குடியேறப் போகிறீர்களா? வீடு, நிலம், பாதுகாப்பு: ஒரு வழிகாட்டி

ஜாவா தீவின் நடுவில் மெராபி எரிமலையைச் சுற்றி க்ளாத்தென், ஸ்லேமான், மாகெலாங், போயோலாலி என்று நான்கு மாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் நெல் கிராமங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்ற தீவுகளுக்கு இது அப்படியே பொருந்தாது. பாலியில் வயலுக்குத் தண்ணீர் விடுவதை சுபாக் என்ற அமைப்பு முடிவு செய்கிறது. மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் குலச்சொத்து தாய்வழியில் போகிறது. அங்கே போகிறவர்கள் அந்தந்த ஊர் வழக்கத்தைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாவாக்காரரை மணந்து வருபவர்கள், ஓய்வுக்குப் பின் வருபவர்கள், கிராமத்தில் தங்கி வேலை செய்ய வருபவர்கள் என்று பலரும் வந்த வேகத்தில் நிலம் தேடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ஊருக்குத் தெரிந்தவராகுங்கள். அப்புறம் குறைந்தது ஒரு முழு விவசாய ஆண்டு வாடகை வீட்டில் இருங்கள். நிலப் பேச்சு அதற்குப் பிறகுதான். இங்கே உங்கள் வீட்டுக் கதவையும் வயல் வரப்பையும் காக்கப்போவது அக்கம்பக்கத்துக்காரர்கள். காகிதம் அவர்களுக்கு அடுத்தபடிதான்.

முதல் படி: பாக் ஏர்தேயைப் பாருங்கள்

சில பத்து வீடுகள் சேர்ந்தது ஓர் ஏர்தே. சில ஏர்தேக்கள் சேர்ந்தால் ஏர்வே. அதற்கு மேலே டுசுன் என்ற குக்கிராமம், தேசா என்ற கிராமம், கெச்சமாத்தான் என்ற வட்டம், கபுபாத்தென் என்ற மாவட்டம். ஏர்தேயின் தலைவரைத்தான் எல்லோரும் 'பாக் ஏர்தே' என்று அழைக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் 'பூ ஏர்தே'. இது அவருக்குப் பிழைப்பு கிடையாது. அவரும் காலையில் மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவராகவே இருப்பார். ஆனால் உங்கள் முகவரிச் சான்றிலிருந்து உங்கள் வீட்டுச் சண்டை வரை முதலில் போய் நிற்பது அவரிடம்தான்.

பல ஊர் முகப்பில் விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பலகை இருக்கும். அதை உண்மையாகவே கடைப்பிடியுங்கள். மாலைத் தொழுகை முடிந்த பிறகு, கடவுச்சீட்டு நகலும் திருமணம் செய்தவர் என்றால் திருமணச் சான்று நகலும் எடுத்துக்கொண்டு, கையில் கொஞ்சம் தின்பண்டத்தோடு போங்கள். யார், எதற்கு வந்திருக்கிறீர்கள், எவ்வளவு காலம் இருப்பீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். குப்பை, காவல், மரண நிதி ஆகியவற்றுக்கு மாதச் சந்தா எவ்வளவு என்று நீங்களே கேட்டுக் கட்டிவிடுங்கள்.

தங்கும் அனுமதி அட்டை (கித்தாஸ்) வாங்கியவர்கள் மாவட்ட மக்கள்பதிவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்றும் வாங்க வேண்டும். வெறும் வருகை விசாவில் வந்துவிட்டு வயலில் கூலிக்கு இறங்காதீர்கள். குடிவரவுத் துறை அதை வேலையாகத்தான் பார்க்கும். ஒவ்வொரு கிராமத்துக்கும் பாபின்காம்திப்மாஸ் என்ற பொறுப்புக் காவலர் ஒருவர் உண்டு. அவர் எண்ணை அன்றைக்கே பாக் ஏர்தேயிடம் வாங்கிக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஊரோடு சேருங்கள்

ஒரு வீட்டு வாசலில் நின்று 'குலோ நுவுன்' என்று குரல் கொடுத்தால் உள்ளிருந்து 'மொங்கோ' என்று பதில் வரும். வந்தால்தான் உள்ளே போக வேண்டும். முஸ்லிம் வீடுகளில் ஸலாம் சொல்வதும் வழக்கம். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது சற்றுக் குனிந்து 'நுவுன் செவு' என்று சொல்லிப் போங்கள். எதையும் வலக்கையால் கொடுங்கள், வாங்குங்கள். திசை காட்ட ஆள்காட்டி விரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டுங்கள். வயதில் பெரியவர்களை பாக், பூ என்றும், ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்களை மாஸ், ம்பாக் என்றும், முதியவர்களை ம்பா என்றும் அழையுங்கள். ஜாவா மொழியில் மரியாதைக்கு அடுக்கடுக்கான நிலைகள் உண்டு. தொடக்கத்தில் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டு, நடுவே சில மரியாதைச் சொற்களைச் சேர்த்தாலே போதும்.

எங்கே போகிறீர்கள் என்று வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். துருவிக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அது அவர்கள் நலம் விசாரிக்கும் முறை. வயலுக்கு, சந்தைக்கு, சும்மா நடக்க என்று ஏதாவது ஒன்றைச் சிரித்தபடி சொல்லுங்கள்.

எதைத் தவறவிட்டாலும் சாவு வீட்டைத் தவறவிடாதீர்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இறப்புச் செய்தி வந்தவுடன் ஊர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போகும். நீங்களும் போங்கள். பேசத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, நாற்காலி தூக்கிப் போடலாம், உறையில் சிறு தொகை வைத்துக் கொடுக்கலாம். கல்யாண வீட்டில் பெண்கள் சேர்ந்து சமைக்கப் போவதற்கு ரேவாங் என்று பெயர். புதிதாக வந்த மருமகள் அதில் ஒரு நாள் வெங்காயம் உரித்தால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் பெயரும் தெரிந்துவிடும். வாய்க்கால் தூர்வாருவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது போன்ற பொதுவேலைக்கு கெர்ஜா பக்தி என்று பெயர். அது பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கும். பணம் கொடுத்து அதிலிருந்து விலகிக்கொள்ள முடிந்தாலும் விலகாதீர்கள். எந்த வயல் யாருடையது, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். பின்னால் நிலம் வாங்கும்போது எந்த அலுவலகமும் அதை உங்களுக்குச் சொல்லித் தராது.

மூன்றாம் படி: இரவுக் காவல்

தெருமுனைகளில் போஸ் ரொண்டா என்ற சிறு காவல் குடில் இருக்கும். ஆண்கள் முறை வைத்து இரவில் சுற்றி வருவார்கள். வீட்டு முன்னால் ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு பிடி அரிசியோ சில்லறையோ வைப்பது பல ஊர்களில் வழக்கம். ஜிம்பித்தான் என்ற இந்தப் பிடி அரிசியைச் சுற்றி வருபவர்கள் எடுத்துப் பொதுநிதியில் சேர்ப்பார்கள். எந்த வீட்டுக் கிண்ணம் வெறுமையாக இருக்கிறது என்பது அன்று இரவே தெரிந்துவிடும். தனியாக இருக்கும் முதியவருக்கு உடம்பு சரியில்லை என்பது கூட இப்படித் தெரிய வருவதுண்டு. உங்கள் முறை வரும் இரவில் நீங்களும் போய் உட்காருங்கள்.

குடிலில் கெந்தோங்கான் என்ற மரத்தாலோ மூங்கிலாலோ ஆன ஓசைக்கருவி தொங்கும். இரண்டிரண்டாக அடித்தால் திருடன், மும்மூன்றாக அடித்தால் தீ என்பது பல ஊர்களில் உள்ள முறை. இடைவிடாமல் வேகமாக அடித்தால் பேராபத்து. ஊருக்கு ஊர் இது மாறலாம் என்பதால் உங்கள் ஊர் முறையை முதல் வாரத்திலேயே கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

திருட்டு என்றால் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், கோழி, ஆடு, அறுவடை சமயத்தில் காயவைத்த நெல், விலை ஏறியிருக்கும்போது மிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவைதான். வண்டியை இரவில் வீட்டுக்குள் ஏற்றிவிடுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வரப்பில் இறங்கும் பழக்கம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பேரில் 'மாலிங்' (திருடன்) என்று கூவிவிடாதீர்கள். கூவினால் நிமிடத்தில் கூட்டம் கூடும். பிடிபட்டவரை அடித்தே கொன்றுவிட்ட சம்பவங்கள் இந்தோனேசியாவில் நடந்திருக்கின்றன. அடிபட்டவர் குற்றமே செய்யாதவர் என்று பின்னால் தெரிந்ததும் உண்டு. ஓர் உயிர் போன பிறகு யாராலும் அதைத் திருப்பித் தர முடியாது. அறிமுகமில்லாத ஆளைப் பார்த்தால் பாக் ஏர்தேயை அழையுங்கள், கிராமக் காவலரை அழையுங்கள். யாரையாவது கூட்டம் பிடித்துவிட்டது என்றால் அவரைப் பாக் ஏர்தே வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

நான்காம் படி: வாடகை வீடு பார்க்கும்போது

2006 மே 27 அதிகாலை, ஆறு மணி ஆவதற்குச் சற்று முன்னால், பந்துல், க்ளாத்தென் மாவட்டங்களைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரைக் கொன்றது அவர்கள் வீட்டுச் சுவரேதான். கம்பி போடாத செங்கல் சுவரும், சிமெண்ட் குறைந்த கலவையும், மேலே கனமான ஓட்டுக்கூரையும் சேர்ந்து உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தன. ஆகவே வீட்டின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். அடித்தளத்தின் மேல் கான்கிரீட் கட்டு இருக்கிறதா? மூலைகளில் கம்பி போட்ட தூண் இருக்கிறதா? சுவர் தலைப்பில் வீட்டைச் சுற்றி வளையமாக ஓடும் கான்கிரீட் உத்தரம் இருக்கிறதா? 'ஸ்லோஃப், கொலோம், ரிங் பாலோக்' என்று கேட்டால் கொத்தனார் புரிந்துகொள்வார். இவை இல்லாத செங்கல் வீட்டை வாடகை எவ்வளவு குறைவு என்றாலும் எடுக்காதீர்கள். மரச்சட்டத்தில் நிற்கும் பழைய லிமாசான் வீடு கிடைத்தால் அதை நான் விரும்பி எடுப்பேன், கரையான் அரிக்காத மரமா என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு. அலமாரிகளைச் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள், தலைமாட்டில் கனமான எதையும் மாட்டாதீர்கள்.

கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவே குறைந்தது பத்து மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்து வீட்டுத் தொட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிணறு தூர்வார யாரும் திடீரென்று உள்ளே இறங்கக் கூடாது. அடியில் காற்று இல்லாமல் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்துபோவது ஜாவாவில் அடிக்கடி வரும் செய்தி.

மின்சாரம் பெரும்பாலும் முன்பணம் கட்டி எண்ணை அழுத்தும் மீட்டரில்தான் வரும். 450 அல்லது 900 வோல்ட்-ஆம்பியர் இணைப்பில் தண்ணீர் மோட்டாரும் சோறு வடிக்கும் குக்கரும் ஒன்றாக ஓடினால் கரண்ட் போய்விடும், அவ்வளவுதான். குளியலறைத் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அங்கேதான்.

ஐந்தாம் படி: ஒரு விவசாய ஆண்டைப் பாருங்கள்

நல்ல பாசனம் உள்ள இடங்களில் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு நெல், அது முடிந்ததும் இன்னொரு நெல், கடைசியில் வறண்ட மாதங்களில் மக்காச்சோளமோ பயறோ என்று சுற்று ஓடும். நிலத்தின் உண்மையான மதிப்பு அந்த மூன்றாம் பருவத்தில்தான் தெரியும். ஜனவரியில் பச்சைப்பசேல் என்று இருக்கும் வயல் செப்டம்பரில் சொட்டுத் தண்ணீர் வராததாக இருக்கலாம். ஒரு முழு ஆண்டு காத்திருங்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்பவருக்கு உலு-உலு என்று பெயர். மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் சொல்படி. வறட்சியில் ஆண்கள் இரவெல்லாம் வாய்க்கால் கரையில் படுத்துக் கிடப்பார்கள். அடுத்தவர் மடையில் கை வைத்தால் அது வெட்டுக்குத்து வரை போகும். நீங்கள் புதியவர் என்பதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் உலு-உலுவை எழுப்பிக் கேளுங்கள்.

விளைச்சலைப் பங்கு போடுவதிலும் சொல் வழக்கு இருக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் மாரோ. மூன்றில் ஒரு பங்கு என்றால் மெர்த்தெலு. விதை, உரம், உழவுக்கூலி யார் தலையில் என்பதை விதைக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கதிர் முற்றிய நிலையில் வயலை அப்படியே வியாபாரியிடம் விலை பேசி விடுவது தெபாசான். அது நியாயமான வியாபாரம்தான், கையில் உடனே காசு வரும், ஆனால் வயலைச் சுற்றிப் பார்த்து மூட்டைக் கணக்குச் சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். பயிர் பச்சையாக இருக்கும்போதே பணம் வாங்கிக்கொள்ளும் இஜோன் வேறு. அது கடன் வலை, அதில் இறங்காதீர்கள்.

மானிய உரம் வேண்டும் என்றால் ஊர் உழவர் குழுவில் (கெலோம்போக் தானி) பெயர் இருக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஹெக்டேருக்குத்தான் அது கிடைக்கும், குடிமக்களின் அடையாள அட்டையும் கேட்பார்கள். வெளிநாட்டவர் தன் பெயரில் கேட்டு அலைய வேண்டாம்.

பயிரில் பழுப்புத் திட்டு தெரிந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். புகையான் என்ற நெற்பூச்சியைக் கொல்ல எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் சாவது அதைத் தின்னும் சிலந்திகள்தான், பிறகு புகையான் முன்பைவிடப் பெருகும். இந்த அனுபவத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்ற நாடு இது. 1986இல் அதிபர் ஆணை ஒன்று 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. அதற்குப் பின் வந்த உழவர் வயல் பள்ளிகளில் படித்த பெரியவர்கள் இன்னும் பல கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களோடு வரப்பில் நடந்து பாருங்கள்.

ஆறாம் படி: நிலம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். வாழ்நாள் சேமிப்பு போவது இங்கேதான்.

1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் (அந்த ஆண்டின் 5ஆம் எண் சட்டம்) முழு உரிமையை, அதாவது ஹாக் மிலிக்கை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. வாரிசாகவோ திருமணத்தால் சொத்து கலந்தோ ஒரு வெளிநாட்டவருக்கு அது வந்தால் ஓராண்டுக்குள் கைமாற்றிவிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. சுற்றி வளைத்து வெளிநாட்டவர் கைக்கு நிலம் போகும் பரிமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்கிறது 26ஆம் பிரிவு.

ஆகவே 'என் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படிச் சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் இறந்த மறுநாள் அவருடைய பிள்ளைகளுக்கு அந்த ஒப்பந்தம் ஒரு பொருட்டே அல்ல, நீதிமன்றமும் உங்கள் பக்கம் நிற்காது.

இந்தோனேசியரை மணப்பவர்கள் கல்யாணத்துக்கு முன்பே சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தை நோட்டாரிஸ் முன் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பின் வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்றாகிறது, அதனாலேயே உங்கள் துணைவருக்கும் ஹாக் மிலிக் வாங்குவதில் சிக்கல் வருகிறது. ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா? அரசியல் சட்ட நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்புக்குப் பின் திருமண வாழ்க்கையின் நடுவிலும் அந்த ஒப்பந்தத்தை எழுதிக்கொள்ளலாம்.

முறையான தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவருக்குத் திறந்திருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, எழுத்து மூலமான குத்தகை. இரண்டாவது, ஹாக் பாக்காய் என்ற பயன்பாட்டு உரிமை. 2021இல் வந்த 18ஆம் எண் அரசு விதிப்படி அது 30 ஆண்டுக்குக் கிடைக்கும், 20 ஆண்டு நீட்டிக்கலாம், பிறகு 30 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். கிராமத்தில் ஒரு வீட்டில் நிம்மதியாக வாழ நீண்ட குத்தகையே போதும் என்பது என் எண்ணம்.

துணைவர் பெயரில் வாங்குகிறீர்கள் என்றால் பார்க்க வேண்டியவை:

விற்பவர் கையில் எஸ்எச்எம் என்ற முழு உரிமைச் சான்று இருக்கிறதா? 'லெட்டர் சி', 'பெதோக்' போன்ற கிராமப் பதிவேட்டுக் காகிதங்கள் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். அவற்றைப் பதிவு செய்ய 2021 விதி ஐந்தாண்டு அவகாசம் கொடுத்திருந்தது, அது 2026 பிப்ரவரியோடு முடிந்தது. முதலில் விற்பவர் சான்று வாங்கட்டும், அப்புறம் விலை பேசலாம். ஆண்டுதோறும் நிலவரி கட்டிய ரசீதைக் காட்டி இதுவே ஆதாரம் என்பார்கள். வரி ரசீது உரிமையைக் காட்டாது.

சான்று இருந்தால் அதை மாவட்ட நில அலுவலகமான பிபிஎன்னில் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடமானத்தில் இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பது அங்கே தெரியும். சான்றில் இருக்கும் பெயர் செத்துப்போன தாத்தாவுடையதாக இருந்தால் வாரிசுகள் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட வேண்டும். கலிமந்தானுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போன மகள் ஒருத்தியின் கையெழுத்து இல்லாமல் போனால் இருபது ஆண்டு கழித்து அவர் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். கிராமத்து நிலத் தகராறுகளில் பெரும்பாலானவை பங்கு பிரிக்காத வாரிசுச் சொத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

எல்லையை நான்கு பக்கத்து நிலக்காரர்களோடும் பாக் ஏர்தேயோடும் சேர்ந்து நடந்து பாருங்கள். எல்லைக்கல் எங்கே, வண்டிப்பாதை யார் நிலம் வழியாக, தண்ணீர் யார் வரப்பு வழியாக என்று அங்கேயே பேசிவிடுங்கள். பரப்பைச் சதுர மீட்டரில் கேளுங்கள். ஊர்ப் பேச்சில் வரும் ஊபின் ஏறக்குறைய 14 சதுர மீட்டர், பாவு ஏறக்குறைய 7,000 சதுர மீட்டர்.

அது நெல்வயலாகவே பதிவாகியிருக்கிறதா? 2009இன் 41ஆம் எண் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உணவுப்பயிர் நிலத்தில் வீடு கட்ட முடியாது. வீடு கட்ட நினைப்பவர்கள் குடியிருப்பு மனையாகப் பதிவான இடத்தை மட்டும் பாருங்கள். விவசாய நிலத்தின் சொந்தக்காரர் அதே வட்டத்தில் குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு விதி ஒன்றும் இருக்கிறது. யோக்யகர்த்தாவில் சுல்தான் அரண்மனைக்குச் சொந்தமான நிலமும், ஜாவா முழுக்கக் கிராம அலுவலர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்படும் பெங்கோக் நிலமும் உண்டு. அவற்றை யாரும் விற்க முடியாது, குத்தகைக்கு எடுப்பதென்றாலும் கிராம அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும்.

பணத்தைக் காபிக் கடையில் எண்ணிக் கொடுக்காதீர்கள். பிபிஏடி என்ற நிலப்பத்திர அலுவலர் முன்னால் விற்பனைப் பத்திரம் எழுதிக் கையெழுத்தாகும்போது கொடுங்கள். வாங்குபவர் வரி, விலக்குத் தொகை போக மீதியில் 5% வரை. விற்பவர் வரி 2.5%. இதை யார் கட்டுவது என்று விலை பேசும்போதே பேசிவிடுங்கள். முன்பணம் கொடுத்தால் 10,000 ரூபியா முத்திரை ஒட்டிய ரசீது வாங்குங்கள்.

காடாய் என்ற ஒத்தி வழக்கமும் பரவலாக இருக்கிறது. பணம் கொடுத்தவர் அது திரும்பும்வரை வயலை உழுது உண்பார். 1960இன் 56ஆம் எண் சட்டப்படி ஏழு ஆண்டு ஒத்தியில் இருந்த விவசாய நிலத்தை மீட்புப் பணம் வாங்காமல் உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை அறியாமல் தலைமுறை கடந்தும் நிலத்தை மீட்க முடியாமல் இருக்கும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. ஒத்தி பிடிக்கும் நிலையில் நீங்கள் இருந்தால் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள். அப்புறம், யாருடைய கடனுக்காகவும் உங்கள் வீட்டுச் சான்றை அடமானத்துக்குக் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: வயலில் உயிருக்கு ஆபத்தானவை

முதலிடம் எலிக்கு வைக்கும் மின்கம்பிக்கு. வரப்போரமாகச் சன்னமான கம்பி இழுத்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்ராகென், ங்காவி போன்ற மாவட்டங்களில் இதில் பலர் இறந்திருக்கிறார்கள். கம்பி வைத்தவரே இறந்ததும் உண்டு, தண்ணீர் பார்க்கப் போன பக்கத்து வயல்காரர் இறந்ததும் உண்டு. காவல்துறையும் மின்வாரியமும் எச்சரித்தும் நிற்கவில்லை. இருட்டில் முன்பின் தெரியாத வரப்பில் நடக்காதீர்கள், விளக்கில்லாமல் நடக்கவே கூடாது. உங்கள் வயலில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஊரே சேர்ந்து வளை தோண்டி எலி பிடிக்கும் க்ரோப்யோக்கான் இருக்கிறது. டெமாக் மாவட்டத்தின் த்லோகோவெரு கிராமத்தில் வயல் நடுவே கூண்டு வைத்துக் கூகை ஆந்தைகளைக் குடியேற்றியே எலியைக் குறைத்திருக்கிறார்கள்.

அடுத்து பாம்பு. ஜாவா நாகம், வெலாங், வெலிங் என்ற இரண்டு கட்டுவிரியன்கள், பச்சை விரியன், காய்ந்த சருகில் கிடக்கும் மண் விரியன் ஆகியவை இங்கே உண்டு. வெலிங் இரவில் வீட்டுக்குள் வரும். கடித்தது வலிக்காமலே போகலாம். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். கடிபட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். இந்தோனேசியாவில் தயாராகும் நச்சுமுறிவு மருந்து நாகம், வெலாங், மண் விரியன் ஆகிய மூன்றுக்கானது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்காது. பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கும் என்பதை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

வயல் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில் புண்ணோடு இறங்காதீர்கள், பூட்ஸ் போடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் மஞ்சள் என்று வந்தால் மருத்துவரிடம் 'வயலில் இறங்கினேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம்.

இடி மின்னல் நேரத்தில் வயல் நடுவே இருக்கும் ஓலைக் குடிலுக்குள் ஒதுங்காதீர்கள். அது மழைக்குத்தான் பாதுகாப்பு. வானம் கறுக்கும்போதே மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

எட்டாம் படி: மெராபி

2010இல் மெராபி வெடித்தபோது 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையின் மரபுக் காவலராக இருந்த ம்பா மாரிஜானும் அக்டோபர் 26 அன்று கினாரெஜோ கிராமத்தில் இறந்தார். எச்சரிக்கை நான்கு நிலைகளில் வரும்: நோர்மால், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். ஆவாஸ் என்றால் வெளியேற வேண்டும். 2020 நவம்பரில் மெராபி மூன்றாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. மாக்மா இந்தோனேசியா செயலியில் அன்றன்றைய நிலையைப் பார்க்கலாம்.

வீடு எடுக்கும் முன் அந்த இடம் அபாய வரைபடத்தில் எந்த வளையத்தில் வருகிறது என்று கிராம அலுவலகத்தில் கேளுங்கள். மலையிலிருந்து தூரம் மட்டும் கணக்கில்லை. ஆற்றங்கரையும் கணக்கு. வெடிப்பு அடங்கிப் பல மாதம் ஆன பிறகும் மழை பெய்தால் மேலே கிடக்கும் சாம்பலும் பாறையும் லஹாராக ஆற்றில் இறங்கும். 2011 தொடக்கத்தில் புத்தி ஆற்றில் வந்த லஹார் மாகெலாங் மாவட்டத்தில் வீடுகளையும் நெடுஞ்சாலையையும் மூடியது. மலையில் மழை என்றால் உங்கள் ஊரில் வெயில் அடித்தாலும் ஆற்றுக்குள் மணல் அள்ளவோ கடக்கவோ இறங்காதீர்கள்.

மாகெலாங்கில் மலையோரக் கிராமங்களுக்கும் தள்ளியிருக்கும் கிராமங்களுக்கும் சகோதரக் கிராமம் என்ற ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெளியேறும்போது யார் எந்த ஊருக்குப் போவது என்று முன்பே முடிவாகியிருக்கும். உங்கள் டுசுனுக்கு எது என்று கேட்டு, ஒருமுறை அந்த வழியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாடு வைத்திருந்தால் முதல் ஆளாக அதை இறக்கிவிடுங்கள். வெளியேறிய பின் மாட்டுக்குப் புல் போடத் திரும்பிப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

கதவோரம் ஒரு பை: நிலச்சான்று நகல், கடவுச்சீட்டு, மருந்து, முகமூடி, விளக்கு, கொஞ்சம் ரொக்கம். சுவரில் எண்கள்: காவல்துறை 110, மருத்துவ அவசரம் 119, தீயணைப்பு 113, மீட்புப் படை 115. அவற்றுக்கு மேலே பாக் ஏர்தே எண்ணை எழுதுங்கள். முதலில் வந்து சேர்பவர் அவராகத்தான் இருப்பார்.

நீண்ட நாள் ஊரை விட்டுப் போகும்போது

பாக் ஏர்தேயிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும் தேதியையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். வாசல் விளக்குப் போடவும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யவும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுங்கள். மாதச் சந்தாவையும் ரொண்டா முறைக்கு ஈடான தொகையையும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். எரிவாயு உருளையின் குழாயைக் கழற்றி வையுங்கள். நிலவரி அறிக்கை வரும் காலமாக இருந்தால் அதை யார் வாங்கி வைப்பது, யார் கட்டுவது என்று பேசிவிட்டுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அசல் நிலச்சான்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். வயலை விளைச்சல் பங்குக்கு விட்டிருந்தால் அடுத்த பருவத்துக்கு யார் உழுவது என்பதை உலு-உலுவுக்கும் தெரியப்படுத்துங்கள், அப்போதுதான் தண்ணீர் முறையில் அந்த வயலின் பெயர் விடுபடாமல் இருக்கும்.